எண்ணெய் படாத நட்டு

தருமபுரி பஸ் செட்டில் வண்டி ரிப்பேர் பார்க்கும் பிட்டர் முனியப்பனின் நட்டு முறுக்குக்கு ஒரு பேர் இருந்தது. சக்கரத்தை மாட்டி ஸ்பேனரால் நட்டை இறுக்கிய பிறகு எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். முனியப்பன் எழ மாட்டார். ஸ்பேனரின் பிடியில் ஆள் உயரக் குழாய் ஒன்றைச் செருகுவார். குழாயின் நுனியில் ஏறி நின்று, கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கி ஒரு மிதி மிதிப்பார். நட்டு கிறீச்சென்று கத்தும். அது கத்திய பிறகும் விடமாட்டார், இன்னொரு மிதி. நட்டு சுழன்று ஏறும் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது. எவனாவது எண்ணெய்க் கிண்ணத்தோடு சக்கரத்தின் பக்கம் வந்தால் கிண்ணம் ஒரு பக்கம் பறக்கும், அவன் ஒரு பக்கம் பறப்பான்.

பிட்டர் வேலை தெரிந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார்கள். எண்ணெய் இல்லாமல் இறுக்கிய நட்டு ஒரு மழைக்காலம் போனால் துருப்பிடித்து இரும்போடு இரும்பாகிவிடும் என்பது கிளீனர் பையனுக்குக்கூடத் தெரியும். முனியப்பனுக்கும் தெரியும். தெரிந்தே செய்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, வேறென்ன.

அந்தப் பொய் பிறந்தது போன வருஷம். சேலம் போன பஸ் ஒன்றின் முன்சக்கரம் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் கழன்று ஓடிவிட்டது. வண்டி மண்மேட்டில் சாய்ந்து நின்றதால் உயிர்ச்சேதம் இல்லை. நாலைந்து பேருக்குக் கை கால் முறிந்தது. அந்தச் சக்கரத்தை முந்தின நாள் மாட்டியவன் ராஜாமணி, முனியப்பனின் ஒரே மகன். அப்பனிடம் தொழில் பழகி, அப்பன் சொன்னபடியே ஒவ்வொரு மரையிலும் துளி விளக்கெண்ணெய் தொட்டு வைத்து, ஒழுங்காகத்தான் இறுக்கியிருந்தான். கோளாறு சக்கரத்தில் இருந்தது. நட்டு உட்காரும் ஓட்டைகள் தேய்ந்து தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. வேறு சக்கரம் வேண்டும் என்று முனியப்பனே முதலாளியிடம் பல தடவை கேட்டிருக்கிறார். உலகச் சண்டை நடக்கிற காலத்தில் சக்கரத்துக்கு எங்கே போவது, இருப்பதை வைத்து ஓட்டு என்று அந்த மனிதர் கையை விரித்துவிட்டார்.

சேதி கேட்டு முதலாளி செட்டுக்குள் வந்தபோது முகம் சிவந்து கிடந்தது. "எவன்டா மாட்டுனது?" என்று ஒரு சத்தம். ஓட்டை தேய்ந்ததைச் சொல்ல முனியப்பன் வாயைத் திறந்தார். திறந்த வாயில் வேறொன்று வந்தது.

"பையன் மரையில எண்ணெயப் பூசிட்டானுங்க. வழுக்கிக் கழண்டுட்டுதுங்க."

சொன்னதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. முதலாளி நம்ப வேண்டுமே என்று, கையிலிருந்த ஸ்பேனரால் மகனின் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். முதலாளியைச் சொல்ல வாய் வரவில்லை, மகனை அடிக்க மட்டும் கை வந்தது. ராஜாமணி தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்கதானே..." என்றான். அந்த வாரமே தாலுகா ஆபீஸ் வாசலில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தவர்களிடம் மார்பை அளக்கக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு முனியப்பன் அந்தப் பொய்க்கு வேலைக்காரனாகவே ஆகிவிட்டார். எண்ணெய்தான் சக்கரத்தைக் கழற்றியது என்று சொல்லிவிட்ட மனிதர், மறுநாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட முடியுமா? செட்டில் எண்ணெய்க்குத் தடை வந்தது. குழாய் வந்தது, மிதி வந்தது. பெண்சாதி பெரியம்மாளுக்கும் அதே பொய்தான். அவள் அதை அப்படியே நம்பினாள். "சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டான். மனசுல வச்சுக்காதீங்க" என்று சோறு போடும்போதெல்லாம் மகனுக்காகக் கெஞ்சினாள். முனியப்பன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

லீவில் வந்த பட்டாளத்துக்காரன் ஒருவன்தான் சேதி கொண்டுவந்தான். ராஜாமணியின் கூட்டம் பர்மா எல்லைக்குப் போகிறது. வியாழக்கிழமை மத்தியானம் அவர்களுடைய ஸ்பெஷல் ரயில் மொரப்பூர் வழியாகப் போகும், இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கக் கொஞ்ச நேரம் நிற்கும். பார்க்கிறதென்றால் அங்கே வந்து பார்த்துக்கொள்ளுங்கள், வெளியே சொல்லாதீர்கள் என்றான். பர்மா எல்லைக்குப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அன்று முதல் முனியப்பனுக்கு ஒரே நினைப்புத்தான். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். "ஓட்டை தேஞ்சதுடா காரணம். உம்மேல தப்பில்ல. நான்தான் பொய் சொன்னன்." இவ்வளவுதான். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார், வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். தனியாக இருக்கும்போது நன்றாகத்தான் வந்தது.

மொரப்பூருக்குப் போன சின்ன ரயிலின் தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்ட பிறகு, பஸ்ஸை விட்டால் கதியில்லை. அதுவும் கரி பஸ். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போனதால், வண்டியின் பின்னால் ஆள் உயர டிரம் ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் இஞ்சினை ஓட்டினார்கள். மேடு வந்தால் பாதிப் பேர் இறங்கித் தள்ளுவார்கள். வியாழக்கிழமை காலை முனியப்பனும் பெரியம்மாளும் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். பெரியம்மாள் மடியில் கம்பு அடையும் எள்ளுருண்டையும் கட்டிய துணிமூட்டை. டிரைவர் நஞ்சப்பன் முனியப்பனைக் கண்டதும், "பிட்டரு அண்ணாவே கூட வராரு, இனி எனக்கென்னா கவலை" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். நஞ்சப்பன் நல்லவன்தான். ஆனால் செட்டில் ஒருவன் தும்மினாலும் அது சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போகும், கொண்டுபோகிறவன் அவன்.

மொரப்பூருக்கு மூன்று மைல் இருக்கும்போது இடது முன்சக்கரத்தில் மாட்டு லாடத்தின் ஆணி ஏறிவிட்டது. டயர் புஸ்ஸென்று உட்கார்ந்தது. காற்றில்லாமல் ஓட்டினால் டயர் கிழியும். புது டயர் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம், நஞ்சப்பன் ஓர் அடிகூட நகர்த்த மாட்டேன் என்றுவிட்டான். வண்டிக் கூரைமேல் மாற்றுச் சக்கரம் இருந்தது. மாட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று முனியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரை வாங்கினார். உட்கார்ந்து நட்டைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் மிதித்த சக்கரம். ஆடி மாதம் மாட்டியது. ஐப்பசி மழை முழுக்க அதன் மேல் பெய்து, ஆறு நட்டும் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தன.

முதல் நட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். அசையவில்லை. வண்டியில் கிடந்த குழாயை வாங்கிச் செருகி ஏறி நின்றார். செட்டில் பிடித்துக்கொள்ளக் கூரைச் சட்டம் இருந்தது, இங்கே ஆகாயம்தான் இருந்தது. நஞ்சப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். ஸ்பேனர் நழுவி, குழாய் எகிறி, முனியப்பன் ரோட்டில் குப்புற விழுந்தார். விரல் முட்டிகள் உரிந்து ரத்தம் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றவர்களில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் பொத்தவில்லை.

"நீங்க முறுக்குனதாச்சே அண்ணா, நீங்களே கழட்டுனாத்தான் உண்டு" என்றான் நஞ்சப்பன்.

கூட்டத்தில் ராணியம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை இருந்தாள். மொரப்பூர்ச் சந்தையில் விளக்கெண்ணெய் விற்கிறவள். அவள் கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இத மரையில வுட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்க. எண்ணெய் உள்ளார எறங்கிட்டா தன்னால வரும்."

முனியப்பனின் கை பாட்டிலை நோக்கிப் போனது. அப்போது நஞ்சப்பன் சொன்னான்: "அய்யய்யோ, அண்ணன் சக்கரத்துல எண்ணெயா? எண்ணெயாலதான் சக்கரம் கழண்டுதுன்னு பெத்த மகனையே அடிச்சவராச்சே." வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் அவன் கண் முனியப்பனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே எண்ணெய் வாங்கினால், சாயங்காலம் முதலாளி காதில் அது எப்படி விழும் என்று முனியப்பனுக்குத் தெரியும். கை பாதி வழியில் நின்றது.

"எண்ணெய் வேணாம்மா. அது ஆவாது" என்றார்.

மகனைப் பார்த்து உண்மையைச் சொல்லப் புறப்பட்ட மனிதர், வழியில் நின்று அதே பொய்யை இன்னொரு தடவை சொன்னார். அப்போதே எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் வண்டி நேரத்துக்குப் போயிருக்கும். கௌரவம் விடவில்லை.

சுத்தியலால் நட்டின் தலையில் நாலு பக்கமும் தட்டித் துருவை உதிர்த்தார். கழற்றுகிற பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்குகிற பக்கமே ஒரு இழுப்பு, பிறகு கழற்றுகிற பக்கம் ஒரு இழுப்பு என்று மாற்றி மாற்றி இழுத்தார். ஒருவழியாக முதல் நட்டு முனகிக்கொண்டு அசைந்தது. அதற்குள் அவர் சட்டை பிழியப் பிழிய நனைந்துவிட்டது. இன்னும் ஐந்து இருந்தன.

பெரியம்மாள் சூரியனைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரருகே வந்து குனிந்தாள்.

"ஏங்க, நான் நடக்கறங்க. நேரம் போயிட்டே இருக்குது. நீங்களும் வந்துருங்களேன், வண்டிய அவங்க பாத்துக்கட்டும்."

முனியப்பன் சுற்றிலும் பார்த்தார். பஸ் நிறைய ஆட்கள், குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த சக்கரம். நான் முறுக்கிய நட்டு எனக்கே வரவில்லை என்று போட்டுவிட்டுப் போனால் இந்த மாவட்டத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அதுவும் போக, வண்டி கிளம்பிவிட்டால் மூன்று மைல் ஒரு நொடி. நடந்து போகிறவளை வழியிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

"நீ முன்னால போ. நான் வண்டியோட வந்து புடிச்சுக்கறன்."

"ஒருவேளை நான் மொதல்ல பாத்துட்டன்னா, அவன்கிட்ட என்னா சொல்லட்டும்?"

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஓட்டை தேஞ்சதுன்னு சொல்லு. அவ்வளவு சொன்னால் போதும். ஆனால் நஞ்சப்பன் பக்கத்தில் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியம்மாளும், ஒரு வருஷம் என் பிள்ளைமேல் பழி போட்டாயே என்று நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். முனியப்பன் வார்த்தையை விழுங்கினார்.

"நான் வந்து சொல்லிக்கறன். நீ போ" என்றார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகு வேகென்று நடந்தாள். வளைவில் திரும்புகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குழாயின் மேல் ஏறினார்.

இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. ஒவ்வொரு நட்டு கழன்றபோதும் இன்னும் கொஞ்சம்தான் என்று தோன்றியது. அந்த இன்னும் கொஞ்சத்தை நம்பித்தான் மனிதர் கெட்டார். நாலாவது நட்டின் முனைகள் மழுங்கி ஸ்பேனருக்குப் பிடி கொடுக்கவில்லை. உளியை வைத்து அடித்து அதைப் பிளந்தே எடுக்க வேண்டியதாயிற்று. ஐந்தாவதும் வந்தது. ஆறாவது நட்டுக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. குழாயின் நுனியில் இரண்டு பேர் ஏறி நின்று மிதித்தார்கள். குழாய் வளைந்ததே தவிர நட்டு அசையவில்லை.

முனியப்பன் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். ராணியம்மாள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

"அந்த எண்ணெயக் குடும்மா."

யாரும் சிரிக்கவில்லை. நஞ்சப்பன்கூட வேறு பக்கம் பார்த்தான். எண்ணெய் நட்டின் மேல் வழிந்து தரையில் சொட்டியது. ஆனால் துரு ஊற நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் அவர் ஏற்கெனவே தொலைத்திருந்தார். பொறுக்க முடியாமல் எழுந்து வண்டியின் பின்பக்கம் ஓடினார்.

"டிரம்மத் தொறக்காதீங்க அண்ணா! கேசு எல்லாம் போயிடும்!" என்று நஞ்சப்பன் கத்தினான்.

அவர் கேட்கவில்லை. மூடியைத் திறந்து, கரி கிளறும் கம்பியைத் தணலுக்குள் நுழைத்தார். கம்பி சிவந்ததும் எடுத்து வந்து நட்டின் மேல் அழுத்தினார். எண்ணெய் சுரீரென்று புகைந்து கண்ணைக் கரித்தது. மறுபடி கொண்டுபோய்ச் சிவக்க வைத்தார், மறுபடி அழுத்தினார். சூட்டில் நட்டு விரிந்து துரு விட்டுக்கொடுத்தது. ஸ்பேனரைப் போட்டு இழுத்ததும், இத்தனை நேரம் எதுவுமே நடக்காதது போல, அது வெண்ணெயாய்ச் சுழன்று வந்தது.

மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி மாட்டினார்கள். இருந்த ஐந்து நட்டுகளுக்கும் முனியப்பனே எண்ணெய் தொட்டு, குழாய் போடாமல் ஸ்பேனரால் மட்டும் இறுக்கினார். எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். நஞ்சப்பன் இஞ்சினைச் சுழற்றினான். இருமியது, நின்றது. டிரம்மைத் திறந்து போட்டதில் தணல் சோர்ந்து, கேஸ் வெளியேறிவிட்டிருந்தது. டிரம்முக்குக் காற்று ஊதும் விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி நெருப்பை மறுபடி எழுப்ப வேண்டும், அதற்கு ஒரு பானைச் சோறு வேகிற நேரமாவது ஆகும். முனியப்பன் விசிறியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். சுற்றிக்கொண்டிருக்கும்போதே மொரப்பூர்ப் பக்கம் ரயில் ஊதுவது கேட்டது. அது வந்து சேருகிற ஊதலா, புறப்படுகிற ஊதலா என்று தெரியவில்லை. வந்து சேருகிற ஊதல்தான் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினார்.

பஸ் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனபோது தண்டவாளம் காலியாக வெயிலில் கிடந்தது. தண்ணீர்க் குழாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மாள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் மூட்டை இல்லை. முனியப்பனைக் கண்டதும் அழுத முகத்தோடு சிரித்தாள்.

"பாத்துட்டங்க! நானும் ரயிலும் ஒண்ணாத்தான் வந்து சேந்தம். ஜன்னலு ஜன்னலா பேர் சொல்லிக் கூப்டுட்டே ஓடுனன். அவன்தான் மொதல்ல பாத்து, அம்மான்னு கத்துனான். கறுத்துப் போயிட்டானுங்க, ஆனா நல்லா திடமா இருக்கறான். எறங்கியாந்து என் கையப் புடிச்சுக்கிட்டான்."

"என்னைக் கேட்டானா?"

"கேக்காம இருப்பானா? அப்பா வரலியான்னான். வண்டி நின்னுபோச்சு, ஓடியாந்துட்டே இருக்காருன்னு சொன்னன். எட்டி எட்டி ரோட்டையே பாத்தான். அப்பறம் சொல்றான், 'அன்னைக்கு நான் நல்லாத்தாம்மா முறுக்குனன், அப்பாவுக்கே தெரியும், நீ கேட்டுப் பாரு'ன்னு."

முனியப்பன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு நீ என்னா சொன்ன?"

"ரயிலு ஊதிட்டாங்க. இனி நீங்க எங்க வந்து சொல்லப் போறீங்க? நீங்க சொல்ல வந்தது என்னான்னு எனக்குத் தெரியாதா? நானே சொல்லிட்டன்." பெரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாகப் புருஷனிடம் கெஞ்சிக் கேட்டது இன்று பலித்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. "'பழசையெல்லாம் வுடு ராசா. நீ பண்ணுன தப்ப உங்கப்பா மன்னிச்சுட்டாரு. அதச் சொல்லத்தான் ஓடியாந்துட்டு இருக்காரு'ன்னு சொல்லிட்டங்க."

முனியப்பன் காலித் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"அவன் என்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. என் கைய வுட்டுட்டு உள்ளார ஏறிப் போய் உக்காந்துட்டான். ரயிலு நகர்றப்பக்கூட ஜன்னலுக்கு வரல. அழுகை வந்துருச்சோ என்னமோ. அப்பனே மன்னிச்சுட்டாருன்னா அந்தப் புள்ளைக்கு மனசு எப்பிடி இருக்கும், இல்லீங்க?"

"ஆமா" என்றார் முனியப்பன்.